ரயில் இல்லாத ஊர்

எங்கள் ஊர் மண்ணில் நிற்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர். இதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. பெயர்களைச் சொன்னால் அடங்கிப்போன சண்டை மறுபடி கிளம்பும் என்பதால் இரண்டையும் சொல்லாமல் விடுகிறேன். திருப்பூருக்கு மேற்கே, கோயம்புத்தூர் போகும் பாதையில், சோளக்காட்டை ஒட்டி ஒரு மஞ்சள் பலகை நிற்கும். பலகையில் இருப்பது அவர்கள் பெயர், பலகை நட்ட இடம் எங்களுடையது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நிலையம் என்று சொல்வதுகூடப் பெருமைக்குத்தான். ரயில்வே பாஷையில் அது ஹால்ட். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறை, அதில் டிக்கெட் கொடுப்பதற்குக் கமிஷனுக்கு அமர்த்திய உள்ளூர்க்காரர் ஒருவர், ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு. பிளாட்பாரம் தண்டவாளத்தின் உயரத்துக்கே இருக்கும். பெட்டியில் ஏற வேண்டுமென்றால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். அதற்குப் பாசஞ்சர் கொடுக்கும் அவகாசம் ஒரே நிமிடம்.

பாதை வெள்ளைக்காரன் காலத்தது. பாதை போட்டு ரொம்ப வருஷம் கழித்துத்தான் ஹால்ட் வந்தது. எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வரலாறு உண்டு. தங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர் பெரிய துரையைப் பார்த்துப் பேசி வாங்கி வந்தார் என்பது பக்கத்து ஊர் வரலாறு. எங்கள் வரலாற்றில் துரையே கிடையாது. கரி இன்ஜின் ஓட்டி வந்த டிரைவருக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலில் மோர் கொடுத்தார்கள், அவர் தினமும் மோருக்காக நிறுத்தினார், நிறுத்தி நிறுத்தி அதுவே வழக்கமாகிவிட்டது என்போம். எங்கள் வரலாறுதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. ஆனால் நான் எந்த ஊர்க்காரி என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்தில் ஜனங்கள் மேற்கே போகும் வண்டியில் ஏறினார்கள். கோயம்புத்தூர் மில்களில் வேலை. பிறகு மில்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட, திருப்பூரில் பனியன் கம்பெனிகள் முளைத்தன. அந்தப் பக்கம் நின்றவர்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். எங்கள் பகுதியின் முழு வரலாறும் அந்த நாலு எட்டில் அடங்கிவிடும் என்று நான் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது என் அத்தையைப் பற்றி. அப்பாவின் தங்கை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தாராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை, ஒருநாள் மத்தியானம் ஒற்றைப் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடது கையில் முழங்கைவரை கட்டு. கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. அம்மா சுடுதண்ணீர் வைத்தாள். கட்டுப் பிரித்த பிறகும் அத்தை திரும்பிப் போகவில்லை. திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலை.

எனக்கு அத்தை வந்ததில் ஏக சந்தோஷம். தலை பின்னிவிட ஆள் கிடைத்தது. ஒருநாள் பின்னிக்கொண்டிருக்கும்போது, ஏன் அத்தை அங்கே போகவே மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்த ஊர்ல ரயிலே இல்ல கண்ணு" என்றாள்.

எனக்கு அது முழுக்க முழுக்க நியாயமாகப் பட்டது. ரயில் இல்லாத ஊரில் மனுஷர் எப்படி இருப்பார்கள்? தாராபுரத்துக்கு நான் பஸ்ஸில் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறேன். அத்தை பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும்.

ஆனால் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. மாமா வீட்டிலிருந்து மாதம் தவறாமல் யாராவது வந்து, பழம் பூவோடு உட்கார்ந்து, அனுப்பி வையுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவுக்குத் தங்கைமேல் பாசம்தான். ஆனால் நாலு பேர் பேச்சுக்கு அவர் ரொம்பப் பயப்படுவார். வேலைக்குப் போகிறவரை இருக்கட்டும் என்று இழுத்துக்கொண்டே வந்தார்.

அந்த நேரத்தில்தான் ஹால்ட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. விரைவு வண்டிகள் கூடிவிட்டன, பாசஞ்சர் கண்ட இடத்தில் நின்றால் பின்னால் வருவதெல்லாம் தாமதமாகிறது என்றார்களாம். எங்கள் ஜனங்கள் சீசன் டிக்கெட்டைத் திருப்பூரில் வாங்கிவிடுவார்கள். அதனால் எங்கள் ஹால்ட்டில் ஆளே ஏறுவதில்லை என்றுதான் மேலே தெரிந்திருக்கிறது. கம்பெனி வேன் எங்கள் ஊருக்கு வராது. பஸ் என்றால் இரண்டு மாறி, எட்டரை ஷிப்டுக்கு ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர முடியும்.

அன்று இரவு அப்பா வீட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். "வண்டி நிக்கலீன்னா அவ எப்படி வேலைக்குப் போவா? பேசாம தாராபுரத்துக்கே கொண்டுபோய் உட்டுட்டு வந்தர்றேன். அவுங்களும் நல்லபடியாத்தான் கூப்புடறாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றினாள். அத்தை சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவிய டம்ளர் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. ரயில்மேல் ஒருத்திக்கு இத்தனை ஆசையா என்று நான் வியந்தேன்.

முடிவெடுக்கும் முன் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் கிடைத்தது. இரண்டு ஊரும், அநேகமாக என் வாழ்நாளில் முதல் தடவையாக, வேப்பமரத்தடியில் கூடி ஒன்றாகப் பேசின. கூட்டம் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. வேலைக்குப் போகிறவர்கள் போதாது, போகாதவர்களும் வர வேண்டும். காலாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகளையும் கூட்டி வர வேண்டும். அதிகாரி கேட்டால், தினமும் இவ்வளவு பேர்தான் என்று சொல்ல வேண்டும்.

அன்று காலை பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஜனம். அறைக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். தினமும் சாயம் போன சுடிதாரில் போகிற அக்காமார்கள் பட்டுச் சேலையில் தூக்குப்போசி வைத்திருந்தார்கள். தறிக்குழியை விட்டு வெளியே வராத தாத்தாக்கள் வெள்ளை வேட்டியில் நின்றார்கள். யாரோ ஓர் ஆட்டையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆடு திருப்பூரில் என்ன வேலை பார்க்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பா வரவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வரும் திசையையே பார்த்தபடி நின்றாள்.

அதிகாரி காரில் வந்து இறங்கினார். காரை அனுப்பிவிட்டு எங்களோடு பாசஞ்சரில் திருப்பூர் போவதாக ஏற்பாடு. தெற்கத்திக்காரர், நரைத்த மீசை, கையில் ஒரு பை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஆட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பக்கத்து ஊரார் இளநீர் கொடுத்தார்கள், குடித்தார்.

வண்டி வந்து நின்றது. மற்ற நாளாக இருந்தால் நிற்பதற்கு முன்பே பாதிப் பேர் ஏறியிருப்பார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி, பையை ஜன்னல் வழியாக எறிந்து, வைதுகொண்டே ஏறிவிடுவார்கள். ஒரு நிமிடம் தாராளமாகப் போதும். அன்றைக்கு ஒருவர்கூட நகரவில்லை. விருந்தாளி நிற்கும்போது முந்திக்கொண்டு ஏறுவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா?

"நீங்க ஏறுங்க" என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர்.

"நான் கடைசியா ஏறிக்கிறேன். நீங்கல்லாம் ஏறுங்க, நான் பாக்கணும்" என்றார் அதிகாரி. அவர் வந்ததே அதைப் பார்க்கத்தான்.

"அதெப்படிங்க? நீங்க முன்னால ஏறுங்க" என்று பக்கத்து ஊர்ப் பெரியவர் அவர் பையை வாங்கிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து அவரைத் தாங்கி மேலே ஏற்றினார்கள். படி உயரம், அவருக்கோ முழங்கால் வலி போலிருக்கிறது. பாதி அவகாசம் அதிலேயே போயிற்று. பிறகு பக்கத்து ஊரார் எங்கள் ஊராரைப் பார்த்து, நீங்க ஏறுங்க என்றார்கள். எங்கள் ஊரார் விடுவார்களா? இல்லீங்க, நீங்க ஏறுங்க என்றார்கள். பெருசுக ஏறட்டுமுங்க என்றார்கள் இளைஞர்கள். பொம்பளைங்க ஏறட்டும் என்றார்கள் பெருசுகள். மொதல்ல கொழந்தைய ஏத்துங்க என்று யாரோ சொல்ல, யாரோ என்னைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

கார்டு பச்சைக்கொடியை ஆட்டினார். வண்டி நகர்ந்தது.

ஓடும் வண்டியில் தாவி ஏறுவது எங்கள் பையன்களுக்குத் தினசரிப் பழக்கம். இரண்டு பேர் ஓடவும் செய்தார்கள். "ஓடுற வண்டியில ஏறாதீங்க" என்று வாசலில் நின்ற அதிகாரி கையை நீட்டினார். அதிகாரி பார்க்கிறார் என்றதும் அவர்களும் மரியாதையாக நின்றுவிட்டார்கள். அத்தை மட்டும் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தாள். "பாப்பா எங்கூட இருக்கட்டும்மா. திருப்பூர் ஸ்டேஷனுக்கு வந்துருங்க" என்று அதிகாரி கத்தினார். இவ்விதமாக, எங்கள் ஹால்ட்டின் கூட்டத்தை நேரில் காணும் நாளில், அங்கிருந்து ஏறியவர்கள் ஒரு ரயில்வே அதிகாரியும் டிக்கெட் இல்லாத ஒரு சிறுமியும் மட்டுமே.

எனக்கு அழுகை வரவில்லை. ரயிலில் என்ன பயம்? பெட்டி நிறைய வேலைக்குப் போகும் ஜனம். நடைபாதையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஆனால் அவ்வளவு நெரிசலிலும் ஜன்னல் பக்கமாகச் சில இடங்கள் காலியாக இருந்தன. துண்டு, சாப்பாட்டுப் பை, ஒரு சீப்பு என்று ஏதோ ஒன்றை வைத்து இடம் போட்டிருந்தார்கள். அதிகாரி அதைப் பார்த்தார்.

"இங்க யாரும் உக்காரலையா?" என்று கேட்டார்.

"அது அந்த ஊருக்காரங்க எடமுங்க" என்றாள், சோமனூரிலிருந்து வரும் ஓர் அக்கா. "தெனமும் போட்டு வெப்பமுங்க. இன்னைக்கு என்னமோ ஒருத்தருமே ஏறுல. உடம்பு கிடம்பு செரியில்லையான்னு தெரியல."

வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த இடங்களில் யாரும் உட்காரவில்லை. என்னை அந்த அக்காவுக்குத் தெரியும். அத்தையின் இடத்திலிருந்த சீப்பை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்தாள். அதிகாரியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவர் வெகுநேரம் தயங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பாப்பா, உண்மையைச் சொல்லணும். தெனமும் அவ்வளவு பேரா வர்றாங்க?" என்று கேட்டார்.

ஆமாங்க என்று சொல்லச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் உண்மையைச் சொல் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டாரே. "இல்லீங்க. நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் வரச் சொன்னாங்க. ஆடு புதுசுங்க" என்றேன்.

அவர் மீசைக்குள் சிரித்தார். தினமும் யார் வருவார்கள் என்று கேட்டார். நான் தெரிந்தவர்களையெல்லாம் சொல்லிவிட்டு, அத்தை கட்டாயம் வருவாள், லீவே போட மாட்டாள் என்றேன். அவருக்கு ரயில் பிடித்தவர்களைப் பிடிக்கும் என்று நினைத்ததால் அத்தையின் பெருமையை மேலும் எடுத்துவிட்டேன்.

"எங்க அத்தைக்கு ரயில்னா உசுருங்க. தாராபுரத்துல மாமா ஊட்டுல ரயில் இல்லீங்க. அதனாலதான் வந்துட்டாங்க. வர்றப்ப கையில பெரிய கட்டுங்க, கெணத்துமேட்டுல உழுந்துட்டாங்களாமா. அப்புடியே பஸ்சுல வந்தாங்க, பாவம். நீங்க வண்டிய நிறுத்தலீன்னா மறுபடியும் ரயிலில்லாத ஊருக்கே கொண்டுபோய் உட்டுருவேன்னு எங்கப்பா சொல்றாருங்க. அதைக் கேட்டு அத்தை டம்ளரையே கீழ போட்டுட்டாங்க."

பக்கத்தில் பேசிக்கொண்டு வந்த அக்காமார்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, எதிரில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

திருப்பூரில் இறங்கியதும் எனக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். தான் போக வேண்டிய வேலை எதுவும் இல்லாததுபோல் அவரும் உட்கார்ந்துகொண்டார். பன்னைத் தின்று முடித்து வெகுநேரம் கழித்து அப்பா மொபெட்டில் அத்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அத்தை காலில் செருப்பில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா முகம் கறுத்திருந்தது. ஊரே சேர்ந்து காரியத்தைக் கெடுத்துவிட்ட கோபம். "மன்னிக்கோணுமுங்க" என்று கும்பிட்டார்.

"இவங்கதான் அத்தையா?" என்று அதிகாரி கேட்டார். பிறகு அப்பாவிடம், "ஹால்ட்டைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பார்த்ததை எழுதுவேன், மேல முடிவு பண்ணுவாங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒண்ணு சார். வண்டி நின்னாலும் நிக்காட்டியும், உங்க தங்கச்சிய ரயில் இல்லாத அந்த ஊருக்கு அனுப்பாதீங்க. கையில கட்டோட வந்ததைப் பாப்பா சொல்லுச்சு" என்றார்.

நல்ல மனுஷர், ரயில்வேக்காரர் அல்லவா, அதுதான் ரயிலுக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அத்தையின் இடது கையைப் பார்த்தார். அது ஆறி எத்தனையோ மாதம் ஆயிற்று. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அத்தை கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ" என்றார்.

"நீங்க கேக்குலீங்களே அண்ணா" என்றாள் அத்தை.

அப்பா தன் செருப்பைக் கழற்றி அத்தையின் முன்னால் தள்ளினார். "கம்பெனிக்கு நேரமாச்சு, போ. பெருசாத்தான் இருக்கும், போட்டுக்க. சாயந்தரம் வண்டிக்கு நான் வந்து நிக்கறேன்" என்றார். அந்தப் பெரிய செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு அத்தை மேம்பாலப் படியேறிப் போனாள். அப்பா வெறுங்காலோடு மொபெட் ஓட்டினார்.

ஹால்ட்டை எடுக்கவில்லை. எடுக்காதது மட்டுமல்ல, பொங்கலுக்குப் பிறகு வண்டி இன்னொரு நிமிடம் கூடுதலாக நிற்க ஆரம்பித்தது. அவ்வளவு ஜனமும் ஏற முடியாமல் நின்றதை அதிகாரி கண்ணால் பார்த்தார், அதனால்தான் என்று எங்கள் ஊர் வரலாறு சொல்கிறது. தங்கள் இளநீரால்தான் என்கிறது பக்கத்து ஊர் வரலாறு. காலியாகக் கிடந்த அந்த இடங்களைப் பற்றி இரண்டு வரலாற்றிலும் ஒரு வரி கிடையாது. இப்போது பிளாட்பாரத்தை உயர்த்திவிட்டார்கள், சேலையைத் தூக்கிச் செருக வேண்டியதில்லை. அத்தை செக்கிங் பகுதிக்கே பொறுப்பாளராகிவிட்டாள். அவளுக்குக் கீழே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களோடு அரைகுறை இந்தியில் சண்டைகூடப் போடுகிறாள். போவதும் வருவதும் அதே பாசஞ்சரில்தான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த விஷயம் முடிந்ததாகத் தோன்றவில்லை. அத்தைக்கு ஒரு குறை பாக்கி இருப்பதாகவே நினைத்திருந்தேன். அடுத்த தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால், தாராபுரம் வழியாகப் புதிதாக ரயில் பாதை போடப் பேச்சு நடக்கிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னதை அப்பா வீட்டில் வந்து சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூசத்தன்று மலைக்கோயிலில், தீபாராதனை நேரத்தில், முருகனுக்குக் கேட்க வேண்டுமே என்று கண்ணை மூடிச் சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்.

"முருகா, தாராபுரத்துக்குச் சீக்கரம் ரயில் உடு சாமி. எங்க அத்தை மாமா ஊட்டுக்குப் போகோணும்."

பக்கத்தில் நின்ற அத்தை என் குவித்த கைகளின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"வேற ஏதாச்சும் கேளு கண்ணு" என்றாள்.

இதைவிட நல்லதாக வேறு என்ன கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. சரி, அத்தையே சொல்லும்போது என்று, ஒரு சைக்கிள் கேட்டேன்.